உகாண்டாவுக்கு மலேரியா மாத்திரை: 14 இல்லை, 44

உகாண்டாவில் 14 நாள் வேலை. தடுப்பு மாத்திரை தேடியே மூன்று நாள் போயிற்று. முதல் கடையில் குளோரோகுயின் நீட்டினார்கள். ஆப்பிரிக்காவின் ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாவுக்கு அதை நம்ப முடியாது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற இன்னொரு தடுப்பு மாத்திரை நாலு கடையில் கேட்டும் இல்லை. டாக்டர் சீட்டே கேட்காத இணையக் கடையைத் தொடவில்லை. அட்டையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் டாக்டர் எழுதியது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் ஒன்று. பிராண்டு போடாமல் மருந்தின் பெயரையே எழுதச் சொன்னதால் மக்கள் மருந்தகத்தில் மலிவாக முடிந்தது.

எண்ணிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளம்பும் முன் 2, அங்கே 14, திரும்பிய பின் 28. ஈரலில் ஒளிந்த கிருமி ரத்தத்துக்கு வந்த பிறகுதான் இந்த மருந்துக்குச் சரியாகச் சிக்கும். அதற்குத்தான் அந்த 28.

சாப்பாட்டுக்குப் பின் முழு டம்ளர் தண்ணீரோடு போடணும். உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எதுவும் கூடவே வேண்டாம். வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வேறு மருந்துதான் கேட்கணும்.