மைன்கிராஃப்டில் குதிரை வளர்ப்பு: நிறத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டத்தை அளந்து பாருங்கள்

எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் பட்டியோடு வளர்ந்தவர்கள் ஒரு நாம்பனின் நடையைப் பார்த்தே அது சவாரிக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவார்கள். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் அந்தக் கண் உதவாது. 7 நிறம், 5 விதமான புள்ளி அடையாளம், மொத்தம் 35 வகைக் குதிரை, ஆனால் இதில் எதற்கும் வேகத்தோடு சம்பந்தமே இல்லை. நான் முதன்முதலில் வெள்ளைக் குதிரைகளை மட்டும் தேடிப் பிடித்துக் குட்டி எடுத்து இரண்டு வாரம் வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் புல்வெளியிலோ சவன்னாவிலோ தேடுங்கள், கூட்டமாக நிற்கும். வெறுங்கையோடு ஏறுங்கள். தள்ளி விழுத்தும், திரும்பவும் ஏறுங்கள். இதயங்கள் பறந்தால் பழகிவிட்டது என்று அர்த்தம். இடையிடையே சீனி, கோதுமை, அப்பிள் கொடுத்தால் சீக்கிரம் பழகும். அப்புறம் சேணம். முன்பு அதைப் பெரும்பாலும் விளையாட்டில் ஆங்காங்கே இருக்கும் பெட்டிகளில் தேடித்தான் எடுக்க வேண்டும், 2025 ஜூனில் வந்த பதிப்பிலிருந்து 3 தோலும் 1 இரும்புக் கட்டியும் இருந்தால் நாமே செய்யலாம். வேலியடைத்துப் படலை போட்ட இடத்தில் கொண்டுவந்து விடுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. சமதரையில் நேராக 100 பிளாக் (விளையாட்டின் நிலமெல்லாம் ஆன சதுரக் கட்டி) எண்ணி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு விளக்கு நடுங்கள். கொஞ்சம் பின்னால் இருந்தே ஓட்டத்தைத் தொடங்கி, முதல் விளக்கைத் தாண்டும்போது போனில் நேரத்தை அழுத்தி, மற்றதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். (பக்கத்தில் தம்பியோ தங்கச்சியோ இருந்தால் போனை அவர்களிடம் கொடுங்கள், ஓட்டிக்கொண்டே அழுத்துவது சரிவராது.) மிக வேகமான குதிரை விநாடிக்கு 14 பிளாக்குக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அதாவது 7 விநாடி. மிக மந்தமானதற்கு 21 விநாடி எடுக்கும், அது நாம் நடந்து போவதை விடக் கொஞ்சம்தான் கூட. ஒவ்வொன்றையும் மூன்று தரம் ஓட்டி, ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாய்ச்சலுக்கு பிளாக்கை ஒவ்வொன்றாக உயர்த்திப் பாருங்கள், நல்லது 5 பிளாக் தாண்டும். உயிர் எவ்வளவு என்பது ஏறி இருக்கும்போது திரையிலேயே தெரியும்: ஏழரை இதயத்திலிருந்து 15 வரை.

சரி, கொப்பியில் முதல் இரண்டு இடத்தில் உள்ளவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டு, இரண்டுக்கும் தங்கக் கரட் ஒவ்வொன்று கொடுங்கள். தங்க அப்பிளும் வேலை செய்யும், ஆனால் அதற்கு 8 தங்கக் கட்டி வேண்டும். கரட்டுக்கோ 8 தங்கத் துணுக்குப் போதும், அது ஒரு கட்டி கூட வராது. கரட்டையே வையுங்கள். குட்டி வளர 20 நிமிடம், வைக்கோல் கட்டு ஒன்று தீற்றினால் 3 நிமிடம் குறையும். தாய் தகப்பனை 5 நிமிடம் கழித்துத் திரும்பச் சேர்க்கலாம். கழுதையோடு சேர்த்தால் கோவேறு கழுதை வரும், அது பெட்டி சுமக்கும், ஆனால் குட்டி போடாது.

கணினியில் விளையாடும் ஜாவா பதிப்பில், 2023 மார்ச்சில் வந்த 1.19.4 என்ற புதுப்பிப்புக்கு முன்பு குட்டிகள் எப்போதும் நடுத்தரத்துக்கே இழுபடும், நல்லது எடுக்கப் பெரும் பாடு. இப்போது தாய் தகப்பனின் சராசரியை ஒட்டிக் கூடவோ குறையவோ வரும். அதனால் இரண்டையும் விட வேகமான குட்டி கிடைப்பது நடக்கிற காரியம்.

வளர்ந்த குட்டியையும் ஏறிப் பழக்கத்தான் வேண்டும், தாய் தகப்பன் பழகியது அதற்கு வராது. பழக்கி, அதே 100 பிளாக்கில் ஓட்டுங்கள். பெற்றதில் மந்தமானதை அது வென்றால் அதன் இடத்துக்கு இதைப் போடுங்கள், வெல்லாவிட்டால் வேறு வேலிக்குள் விடுங்கள். எனக்கு 12 விநாடியில் தொடங்கியது, ஆறாவது தலைமுறையில் 8 விநாடிக்கு வந்தது. அந்தக் குட்டி மண்ணிறம், நெற்றியில் ஒரு புள்ளி கூட இல்லை.