சிமென்ட் கலந்த மென்களிமண்: தண்ணீர்க் கணக்கில் வரும் தவறுகள்

சிமென்ட் கலந்ததும் தண்ணீர் வற்றி மண் கெட்டியாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் பெரும்பகுதி எங்கும் போவதில்லை. சிமென்ட் தன் எடையில் ஏறக்குறைய கால்பங்கு தண்ணீரைத்தான் வினையில் கட்டிப்போடும். 100 கிலோ உலர்மண்ணோடு 80 கிலோ தண்ணீர் இருக்கிற களிமண்ணில் 15 கிலோ சிமென்ட் சேர்த்தால், குறைவது நாலு கிலோகூட இல்லை. மிச்சமெல்லாம் நுண்துளைகளில் அப்படியே நிற்கும். சுமையைத் தாங்குவது மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு.

அதனால் சிமென்ட் சதவீதத்தை மட்டும் பார்த்து வலிமையைக் கணிப்பது முதல் தவறு. தீர்மானிப்பது மொத்தத் தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம். பாங்காக் களிமண் போன்ற மண்ணை எடுத்துக்கொள்வோம்: ஒரு கனமீட்டர் 1,500 கிலோ, ஈரப்பதம் (உலர்மண் எடையோடு ஒப்பிட்ட தண்ணீர் எடை) 80 சதவீதம். அதில் உலர்மண் 833 கிலோ, தண்ணீர் 667 கிலோ. 150 கிலோ சிமென்ட் போட்டால் விகிதம் 4.4. ஆனால் களத்தில் சிமென்டைப் பாலாகக் கரைத்துத்தானே செலுத்துகிறார்கள்? சம எடைத் தண்ணீரில் கரைத்தால் இன்னொரு 150 கிலோ தண்ணீர் உள்ளே போகிறது, விகிதம் 5.4 ஆகிவிடும். சிமென்ட் உலர்மண் எடையில் அதே 18 சதவீதம்தான், வலிமை மட்டும் இறங்கிவிடும். ஆய்வகக் கலவையில் இந்தத் தண்ணீரைச் சேர்க்காமல் விடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

ஈரப்பதம் அளக்கும்போதும் கவனம் வேண்டும். 105–110 டிகிரி ஓவனில் வைத்தால், சிமென்ட் வினையில் உருவாகும் எட்ரிங்கைட் போன்ற படிகங்களில் கட்டுண்ட நீரில் ஒரு பகுதியும் வெளியேறும். அதைத் துளைநீர் என்று எழுதிவிடக் கூடாது. உலர்த்திய வெப்பநிலையையும் நேரத்தையும் முடிவோடு சேர்த்துக் குறியுங்கள். வேறு வெப்பநிலையில் எடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

க்யூரிங்கில், அதாவது கலவை இறுகி வலுப்பெறும் நாட்களில், மாதிரியைத் திறந்து வைப்பது ஏமாற்றும் தவறு. மேற்பரப்பு காயக் காய, துளைநீரின் இழுவிசை, அதாவது சக்‌ஷன், துகள்களை நெருக்கிப் பொய்யான வலிமையைக் காட்டும். அதே மாதிரியைத் தண்ணீரில் போட்டால், மயிரிழை விரிசல்களின் வழியே ஓரம் உதிரும். அச்சிலிருந்து எடுத்ததும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி எடை போடுங்கள். சோதனைக்கு முன் மறுபடி போடுங்கள். எடை குறைந்திருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவதே நேர்மை.

எவ்வளவு இழுவிசையில் மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று காட்டும் நீர்த்தேக்க வளைகோட்டில்தான் பெரிய குழப்பம். சக்‌ஷன் கூடக் கூட ஈரப்பதம் குறைகிறது என்று வரைந்து, வளைவு திரும்பும் இடத்தில் காற்று நுழைந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். களிமண் சுருங்கும் பொருள். போன தண்ணீரின் அளவுக்கே கனஅளவும் குறைந்திருந்தால் துளைகள் இன்னும் நிறைந்தேதான் இருக்கும். ஒவ்வொரு படியிலும் விட்டத்தையும் உயரத்தையும் வெர்னியரில் அளந்து, நிறைவளவாக, அதாவது துளைகளில் எத்தனை பங்கு தண்ணீர் என்ற கணக்காக, மாற்றி வரைய வேண்டும். சிமென்ட் கலந்தது குறைவாகச் சுருங்கும், கலக்காதது நிறையச் சுருங்கும். வெறும் ஈரப்பதத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் தவறான முடிவே வரும். மண்ணோடு வைத்த வடிதாள் உறிஞ்சிய ஈரத்திலிருந்து இழுவிசையைக் கணிக்கும் வடிதாள் முறை என்றால் வாட்மேன் 42 தாளுக்குக் குறைந்தது 7 நாள் கொடுங்கள். தாள் மண்ணைத் தொடாமல் இருந்தால் கடற்களிமண்ணின் உப்பால் வரும் பங்கும் அளவில் சேரும். 28 நாளுக்கு முன் தொடங்கினால், வினை இன்னும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பதால் சக்‌ஷன் தானாகவே நகரும்.

சுமையால் வரும் உருமாற்றத்தில் ஆபத்தான தவறு, அழுத்தம்–அமுக்கம் வரைபடத்தின் தொடக்கக் கோட்டை அப்படியே நீட்டுவது. விளைவழுத்தம், அதாவது பிணைப்பு உடையத் தொடங்கும் அழுத்தம், வரை அமுக்கம் மிகக் குறைவு. அதைத் தாண்டினால் பிணைப்பு உடைந்து, அதுவரை பிடித்து வைத்திருந்த பெரிய துளைகள் சரசரவென்று மூடும். அமிழ்வு கிடுகிடுவென ஏறும். சுமை கூடும் வாய்ப்பு இருந்தால் அந்த அழுத்தத்துக்கு அப்பாலும் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

களத்தில் மண்ணோடு சிமென்ட் கலந்து உருவாக்கும் தூண் 1–2 சதவீதத் திரிபிலேயே (நீளத்தில் அத்தனை பங்கு அமுங்கியதுமே) முறியக்கூடும். சுற்றியுள்ள மென்களிமண் தன் முழு வலிமைக்கு வர அதைவிடப் பல மடங்கு திரிபு தேவை. இரண்டின் உச்ச வலிமையையும் கூட்டி வடிவமைத்தால், மண் தோள் கொடுக்க வருவதற்குள் தூண் உடைந்திருக்கும்.