பிடித்த ஓவியர்களைப் பகிரும்போது எங்கே சறுக்குகிறோம்

‘எனக்குப் பிடித்த ஓவியர்கள்’ என்று புதிதாகப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். இத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் ஒரு காலத்தில் அங்கேதான் விழுந்தார்கள். மங்கலான படம், எழுத்துப்பிழை போன்றவை தானே சரியாகிவிடும். தானே சரியாகாதவற்றை மட்டும் பார்ப்போம்.

ஒரே படத்தை வைத்து ஓவியர் பிடித்துப்போவது

கே. எம். ஆதிமூலத்தைப் பலருக்கும் கோட்டோவியராகத்தான் தெரியும். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி படங்களும் இதழ்களில் வந்த கறுப்புக் கோடுகளும் அப்படிப் பதிந்துவிட்டன. ஆனால் பின்னாளில் அவர் தைலவண்ணத்தில் (ஆயில் பெயிண்ட்), உருவங்களே இல்லாமல், நிறப்பரப்புகளாக நிறையத் தீட்டினார். அந்தப் பாதியைப் பார்க்காமல் ‘ஆதிமூலம் பிடிக்கும்’ என்று எழுதினால் பாதி ஆதிமூலத்தைத்தான் சொல்கிறோம். ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும் முன் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று காலத்திலிருந்தும் ஐந்தைந்து படமாவது பாருங்கள். பதினைந்தையும் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் தயங்காமல் எழுதலாம்.

‘ரவிவர்மா’ என்று எழுதும் முன்

மற்றத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை. தாமரைமேல் லட்சுமி, மயிலோடு சரஸ்வதி என்று பழுப்பேறிய சாமிப் படம் எது கிடைத்தாலும் ‘ரவிவர்மா ஓவியம்’ என்று எழுதிப் பகிர்ந்துவிடுகிறார்கள். அதை நம்பி, பழைய பொருள் கடையில் ‘ஒரிஜினல் ரவிவர்மா’ என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது அச்சுத்தாள்.

ராஜா ரவிவர்மா (1848–1906) தீட்டியவை பெரும்பாலும் கித்தானில் (கேன்வாஸ் துணியில்) தைலவண்ண ஓவியங்கள். அவற்றைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுபோக 1894இல் பம்பாய் காட்கோபரில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களில் அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, கித்தான்போல் சொரசொரப்பு ஏற்றிய அந்தப் படங்கள்தான் ஓலியோகிராஃப். அச்சகம் பிறகு லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறி, கை மாறி, அவர் இறந்த பின்னும் பல ஆண்டுகள் ஓடியது. வேறு ஓவியர்களின் படங்களையும் அச்சிட்டது. ஆகவே ஓரத்தில் ‘ரவிவர்மா பிரஸ்’ என்று இருந்தால் அது அச்சகத்தின் பெயர் மட்டுமே. தீட்டியவர் அவர்தான் என்பதற்கு அது சாட்சியாகாது.

சரிபார்க்கும் முறை இது. முதலில் கீழ் ஓரத்தைப் படியுங்கள். காட்கோபர் என்றிருந்தால் தொடக்க கால அச்சு. கார்லா, லோனாவ்லா என்றிருந்தால் இடம் மாறிய பிறகு வந்தது. செட்டிநாட்டு வீட்டுப் படங்களில் ஜரிகையும் துணியும் ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். ஓரம் அதற்கடியில் மறைந்திருக்கலாம். பிய்க்காதீர்கள், தாள் நொறுங்கிவிடும். அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை முகத்தின் கன்னப் பகுதியில் வையுங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் குத்தியதுபோல் சிதறியிருந்தால் கல்லச்சு. பூப்போல வட்டம் வட்டமாக ஒரே சீராக அடுக்கியிருந்தால் ஆஃப்செட். அதாவது பின்னாளில் வந்த மறுபதிப்பு. மூன்றாவதாக, படத்துக்குள்ளேயே கையெழுத்து இருக்கிறதா பாருங்கள்.

தென்மாவட்டத்து வீடுகளில் பல நேரம் அங்கே ‘சி. கொண்டையராஜு’ என்றிருக்கும். கோவில்பட்டியில் இருந்து வரைந்தவர் (1898–1976). சிவகாசி காலண்டர்கள் வழியே நம் பூஜையறைகளில் பல தெய்வங்களுக்கு முகம் கொடுத்தவர். சில படங்களில் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன மனிதரின் படத்தை இன்னொருவர் கணக்கில் எழுதுகிறோமே என்பதுதான் ஆத்திரம். பெயர் எதுவும் கிடைக்காவிட்டால் ‘ஓவியர் பெயர் தெரியவில்லை, கல்லச்சு’ என்று எழுதுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

அளவு சொல்லாமல் விடுவது

கைபேசித் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவுதான். மோனா லிசா 77 × 53 செ.மீ.; பிக்காசோவின் குவெர்னிகா ஏறத்தாழ 349 × 777 செ.மீ. முன்னது ஒரு ஆள் கையை விரித்துப் பிடிக்கக்கூடியது, பின்னது ஒரு சுவர். இது தெரியாமல் குவெர்னிகா ஏன் அப்படி உலுக்குகிறது என்று யாருக்கும் புரியாது. படத்தோடு ஒரே வரி போதும்: ஓவியர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (தைலவண்ணமா, கல்லச்சா என்பது), உயரம் × அகலம், இருக்கும் இடம். உயரம்தான் முதலில்.

நிறத்தைக் கூட்டுவது

ஃபில்டர் வேண்டாம்.

மூலமே மாறியிருக்கும்போது நாமும் சேர்ந்து மாற்றக்கூடாது. வான்கோ 1888இல் தீட்டிய ‘படுக்கையறை’ ஓவியத்தில் சுவர் முதலில் வெளிர் ஊதா. சிவப்பு நிறமி மங்கிப்போனதால் இன்று நீலமாகத் தெரிகிறது. அந்தப் படுக்கையறையை அவர் மூன்று முறை தீட்டியிருக்கிறார். ஒன்று ஆம்ஸ்டர்டாமில், ஒன்று சிகாகோவில், சற்றே சிறியது பாரிசில். எதைப் பகிர்கிறோம் என்று ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள்.

கையெழுத்தை வெட்டுவது

சதுரமாக்குவதற்காகக்கூட வெட்டாதீர்கள். ஓவியர் எஸ். இளையராஜா தீட்டிய கிராமத்துப் பெண்கள் எத்தனை முறை பெயரில்லாமல், ‘அழகான புகைப்படம்’ என்ற வரியோடு சுற்றியிருக்கிறார்கள்! அவர் 2021இல் மறைந்தார். மணிக்கணக்கில் உட்கார்ந்து தூரிகையால் தீட்டிய வெளிச்சம் அது.

இக்காலத்தவரை அக்காலத்தவர்போல நடத்துவது

இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ரவிவர்மாவுக்கு அது முடிந்து வெகுகாலம் ஆயிற்று. கொண்டையராஜு படங்களுக்கு 2036 கடைசி வரை இருக்கிறது, இளையராஜா படங்களுக்கு 2081 வரை. உயிரோடு இருப்பவர் என்றால் அவரே பகிர்ந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, அந்த இணைப்பைக் கொடுங்கள். படத்தை இறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்ற வேண்டுமானால் இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். எந்தப் படம், எங்கே போடப்போகிறீர்கள், பணம் வருமா வராதா. இந்த மூன்றும் அந்த இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும்.