மீன் பெட்டியில் தொடங்கிய சூரிய அடுப்பு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்து வெயில் சும்மா போகிறதே என்று தோன்றித்தான் இதில் இறங்கினேன். சந்தையில் தூக்கிப் போட்ட தெர்மோகோல் மீன் பெட்டி, பழைய ஃப்ரிட்ஜின் கண்ணாடித் தட்டு, கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி மறைப்பு. காசு செலவே இல்லை.

முதல் நாள் பருப்பு வேகவில்லை. இரண்டாம் நாள், கருப்புச் சட்டி இருந்த இடத்தில் தெர்மோகோல் இளகிக் குழி விழுந்திருந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி வேறு. 100 டிகிரியை நெருங்கினால் அது தாங்காது. பருப்பை அப்படியே கொட்டிவிட்டேன்.

அப்புறம் இரண்டு அட்டைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் கசக்கிய நாளிதழை நான்கு விரல் கனத்துக்கு அடைத்தேன். உள்சுவரில் அலுமினியத் தாள், அடியில் கருப்புத் தகடு. கண்ணாடி ஓரத்தில் ஆவி கசிந்ததால் பழைய டி-சட்டையைக் கிழித்து மடித்து வைத்தேன். அதுதான் பெரிய வித்தியாசம்.

நேரத்திலும் தவறியிருந்தேன். ஏற்கெனவே சூரியனுக்கு முந்தி ஓடிய தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982-ல் இன்னும் அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 1.15-க்கு. இப்போது 11.30-க்கே வைத்துவிடுகிறேன், மாலை மேகம் கூடுவதற்குள் முடிந்துவிடும்.

போன ஞாயிறு பாசிப்பருப்பு வைத்தேன். மூன்று மணிக்கு அம்மா ஒரு பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்து, “நல்லா மசிஞ்சிருக்குப்பா” என்றார்.