வளைகாப்புக்குப் பட்டுப்புடவை: வயிறு இறுகாமல் கட்டுவது எப்படி?

ஏழாம் மாதம் எனக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்து, சாப்பாட்டில் புளியோதரையைத் தாண்டவில்லை, பாவாடை நாடா வயிற்றை அறுக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே போய் அவிழ்த்துப் பார்த்தால் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. அடுத்த மாதம் நாத்தனார் கல்யாணம் வேறு இருந்தது. அதற்குள் கண்டுபிடித்த வழி இது.

நாடா

"நாடாவை உருவிட்டு எலாஸ்டிக் போடு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போட்டேன். காட்டன் புடவைக்குச் சரி. பட்டின் கனத்துக்குக் கொசுவத்தோடு சேர்ந்து பாவாடையே கீழே இறங்கியது. அதனால் பாதி நாடா, பாதி எலாஸ்டிக்.

கயிறு நாடா வேண்டாம், பட்டையான நாடா வாங்குங்கள். நடுவில் வெட்டி, இடையில் 8 அங்குல எலாஸ்டிக்கை இருபுறமும் ஒரு அங்குலம் மேலே ஏற்றி, இரட்டைத் தையல் போடுங்கள். எலாஸ்டிக் முக்கால் அங்குல அகலம் போதும், அதற்குமேல் போனால் பாவாடைப் பட்டிக்குள் நுழையாது. ஒரு நுனியில் ஊக்கு குத்திக் கோக்கும்போது மறுநுனியையும் துணியோடு ஊக்கால் பிடித்துவிடுங்கள். எனக்கு இரண்டு தடவை மொத்த நாடாவும் உள்ளே போய்விட்டது.

இப்போது முக்கியமானது: முடிச்சை உட்கார்ந்துகொண்டு போடுங்கள். நின்றபடி கட்டினால் அப்போது சரியாக இருக்கும். உட்கார்ந்ததும் வயிறு இறங்கி நாடாவில் அழுந்தும். என் வளைகாப்பில் நடந்தது அதுதான். முன்பக்கம் வயிற்றுக்குக் கீழே, பின்பக்கம் வழக்கமான உயரம், முடிச்சு இடுப்பின் பக்கவாட்டில்.

பிளவுஸ்

உள்ளே விட்டிருக்கும் துணியைப் பார்த்து, தையலைப் பிரித்துத் தளர்த்தித் தரத் தையல்காரரிடம் சொல்லுங்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொடுத்தால் போதும். சீக்கிரம் கொடுத்தால் மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

கட்டுவது

முந்தானையை முதலில் தோளில் குத்திவிடுங்கள், மிச்சத்தில் கொசுவம். ஐந்தரை மீட்டரில் வயிறும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், ஏழு மடிப்பு வருகிற இடத்தில் ஐந்துதான் வரும். இழுத்துப் பிடித்து ஏழாக்க வேண்டாம். கீழ்மடிப்பை நீவிவிட ஒரு ஆள் வேண்டும். எனக்கு என் கால்விரலே தெரியவில்லை! செருப்பைப் போட்டுக்கொண்டு, கரை வழக்கத்தைவிட இரண்டு விரல் உயரமாக இருக்கும்படி கட்டுங்கள், தடுக்காது.

கனமான ஜரிகைப் பட்டைவிட சாஃப்ட் சில்க்தான் என் ஓட்டு. பாவாடைக்குப் பதிலாகப் போடும், உடம்போடு ஒட்டும் சேலை ஷேப்பர் ஒல்லியாகக் காட்டும்தான், ஆனால் தொடையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற விடாது. எட்டாம் மாதத்தில் யாருக்கு ஒல்லியாகத் தெரிய வேண்டும்?

பிறகு சேர்த்தது: வளையல் அளவைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கை வீங்கியிருந்தால் பழைய அளவு ஏறாது. அளவில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது, ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பது: 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. நீங்கள் 2.4 போடுகிறவர் என்றால் 2.6-லும் சில டஜன் வாங்கி வையுங்கள். மீந்ததை வந்தவர்களுக்குப் போட்டு அனுப்பிவிடலாம்.