ஒன்றரை மணி நேரத்தில் ஆளுமையின் தளத்தைக் கண்டறிவது: கெர்ன்பர்க் நேர்காணல் நடத்தும் முறை

தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வேலையில் கவனம் நிற்கவில்லை. இதே புகாரோடு மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் தேறிவிடுகிறார். இன்னொருவர் நான்காவது அமர்வில் ஆலோசகரைத் திட்டிவிட்டுக் கிளம்பி, அன்று நள்ளிரவே பத்து முறை போன் செய்கிறார். மூன்றாமவரிடம் "உள்மனசுல என்ன ஓடுது" என்று தோண்டத் தோண்ட, பேச்சே குலைந்துபோகிறது. அறிகுறிப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த மூவரையும் முன்கூட்டியே பிரித்தறிய முடியாது. அறிகுறிக்கு அடியில் ஆளுமை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதாவது அதன் தளம் எது என்று பார்த்தால் முடியும். அதற்காகவே உளப்பகுப்பாய்வு மனநல மருத்துவர் ஆட்டோ கெர்ன்பர்க் வகுத்த நேர்காணல் முறை இது.

கெர்ன்பர்க் 1928இல் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு சிலிக்குப் போய் அங்கே மருத்துவம் படித்தார். பிறகு அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில் இருந்த மென்னிங்கர் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, 1967இல், பார்டர்லைன் அமைப்பு பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அடால்ஃப் ஸ்டெர்ன் 1938இல் கையாண்ட அந்தச் சொல், அதுவரை நியூரோசிஸிலும் (பதற்றம் போன்ற தொல்லை இருந்தும் நடப்பறிவு கெடாத நிலை) சேராத, சைக்கோசிஸிலும் (நடப்பறிவு கெடும் நிலை) சேராத நோயாளிகளையெல்லாம் அள்ளிப்போடும் மூட்டையாகத்தான் இருந்தது. இது இரண்டுக்கும் நடுவே கடந்துபோகும் நிலையல்ல, தனக்கென்று நிலையான அமைப்பு உடையது என்று அவர் காட்டினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-3க்குள் வந்த பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு இதைவிடக் குறுகலானது. கெர்ன்பர்க் சொல்லும் தளத்தில் நார்சிசிஸ்டிக் (தன்னையே பெரிதாக நினைக்கும்), பாரனாய்டு (எவரையும் சந்தேகிக்கும்), ஸ்கிசாய்டு (ஒதுங்கி வாழும்), சமூகவிரோத ஆளுமைகளும் அடங்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பயிற்சி மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு.

இதை நடத்த மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். எதிரே உட்கார்ந்து பேசாத ஒருவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. மாமியாரையும் மேலாளரையும் எடைபோட வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

எதைத் தேடுகிறோம்

ஆளுமையின் வகை வேறு, தளம் வேறு. எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கும் ஆள் நியூரோட்டிக் தளத்திலும் இருக்கலாம், பார்டர்லைன் தளத்திலும் இருக்கலாம். தளத்தை முடிவு செய்பவை மூன்று.

முதலாவது, தன்னைப் பற்றியும் நெருங்கியவர்களைப் பற்றியும் மனதில் உள்ள படம் ஒன்றுசேர்ந்திருக்கிறதா, துண்டு துண்டாகக் கிடக்கிறதா என்பது. இரண்டாவது, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். வேண்டாத நினைப்பை அமுக்கிவைப்பது, நியாயம் கற்பிப்பது, உணர்ச்சியைக் கழற்றிவிட்டு வெறும் கருத்தாகப் பேசுவது எல்லாம் நியூரோட்டிக் தளத்துக்கு உரியவை. ஆட்களை முழு நல்லவர், முழுக் கெட்டவர் என்று பிளப்பது, தன் கோபத்தை எதிரே இருப்பவர்மேல் ஏற்றிவிட்டு அவரைக் கண்டே பயப்படுவது, தலையில் தூக்கிவைத்து ஆடிவிட்டுப் பிறகு தரையில் போட்டு மிதிப்பது ஆகியவை பார்டர்லைன் தளத்துக்கு உரியவை. இவை சைக்கோட்டிக் தளத்திலும் உண்டு. ஆகவே மூன்றாவது கேள்வி தேவைப்படுகிறது: உள்ளே தோன்றுவதையும் வெளியே நடப்பதையும் இவரால் பிரித்தறிய முடிகிறதா?

படமும் சேர்ந்திருந்து, தற்காப்பும் முதிர்ந்ததாக இருந்தால் நியூரோட்டிக். படம் சிதறி, பிளவு இருந்தும், நடப்பறியும் திறன் கெடாமல் இருந்தால் பார்டர்லைன். அந்தத் திறனே கெட்டிருந்தால் சைக்கோட்டிக்.

உட்காரும் முன்

90 நிமிடம் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் 45 நிமிடமாக இரண்டு பகுதி, நடுவே அரை மணி இடைவெளி. கூட வந்த உறவினரிடம் பேசத்தான் வேண்டும்; ஆனால் அது நேர்காணல் முடிந்த பிறகு, நோயாளியின் சம்மதத்தோடு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த நேர்காணலில் அம்மாவின் ஆளுமைதான் தெரியும்.

கடைசியாக எப்போது குடித்தார், வேறு போதைப்பொருள் உண்டா, வலிப்பு, தலையில் அடி, தைராய்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடியை நிறுத்தி இரண்டு நாள் ஆனவரிடம் தெரியும் குழப்பத்துக்கும் ஆளுமைக்கும் சம்பந்தமில்லை. அவரை அனுப்ப வேண்டியது மருத்துவரிடம்.

கேள்விகளின் வரிசை

தொடக்கக் கேள்வியை ஒரே மூச்சில் நான்கு பகுதியாகக் கேட்பது வழக்கம். "எதுக்காக வந்தீங்க, உங்களுக்கு என்னென்ன கஷ்டம் இருக்கு, சிகிச்சையில இருந்து என்ன எதிர்பார்க்கிறீங்க, இப்போதைக்கு எந்த நிலைமையில இருக்கீங்க?" இவ்வளவு நீளமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான்கையும் நினைவில் வைத்து, ஓரளவு கோவையாகப் பதில் சொன்னால் உணர்வுத் தெளிவு, நினைவாற்றல், கவனம் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும். பாதியில் தடம் மாறினால், மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு பின்னால் அங்கே திரும்பி வரலாம்.

பிறகு ஒரு வட்டமாகச் சுற்றி வருகிறோம். சாதாரண நியூரோட்டிக் அறிகுறிகளில் தொடங்கி, குண இயல்பு, அடையாளம், சைக்கோசிஸ் அறிகுறிகள், மூளைசார்ந்த அறிகுறிகள் என்று போகிறது அந்த வட்டம். எங்காவது சந்தேகம் தட்டினால் அந்தப் புள்ளிக்குத் திரும்ப வேண்டும். வினாத்தாள் போல மேலிருந்து கீழே படிப்பவர்கள் இந்த முறையின் பலனையே இழக்கிறார்கள்.

அடையாளத்துக்கான கேள்வி: "நீங்க எப்படிப்பட்ட ஆள்? உங்களை உள்ளபடி புரிஞ்சுக்க எனக்கு என்னென்ன தெரியணும்?" நம் ஊரில் இதற்கு முதல் பதில் பெரும்பாலும் ஊர், படிப்பு, வேலை, அப்பா என்ன செய்கிறார் என்பதாகத்தான் வரும். அதைச் சிதறிய அடையாளம் என்று எழுதிவிடக் கூடாது. தன்னைப் பற்றித் தானே பேசுவது இங்கே பழக்கமில்லை, அவ்வளவுதான். "உங்க கூடப் பிறந்தவங்ககிட்ட இருந்து நீங்க எதுல வேற மாதிரி?" என்று மாற்றிக் கேளுங்கள். அடுத்து, "உங்க வாழ்க்கையில முக்கியமான ஒருத்தரைப் பத்தி, நான் நேர்ல பார்க்கிற மாதிரி சொல்லுங்க." கேட்டு முடித்ததும் அந்த மனிதர் உங்கள் கண்முன் நிற்கிறாரா? "நல்லவர், ரொம்ப நல்லவர், ஆனா சில சமயம் மோசம்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை என்றால், இரண்டு மூன்று முறை உதவிய பிறகும் வரவில்லை என்றால், அது ஒரு செய்தி.

மூன்று கருவிகள்

தெளிவாக்கல், முரணைச் சேர்த்து வைத்தல், விளக்கம் சொல்லுதல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஓர் உதாரணம். பேச்சின் தொடக்கத்தில் ஒரு பெண் சொல்கிறார்: "எங்க அக்கா மாதிரி தங்கமான மனுஷி கிடையாது. எனக்கு எல்லாமே அவதான்." இருபது நிமிடம் கழித்து: "அக்காவா? அவ விஷம். ஒரு வாரமா பேச்சே இல்ல."

தெளிவாக்கல்: "விஷம்னு சொல்றீங்களே, என்ன நடந்துச்சு?" பதில்: "போன் எடுக்கல. ரெண்டு தடவை."

சேர்த்து வைத்தல்: "கொஞ்சம் முன்னாடி அக்காதான் எல்லாமேன்னு சொன்னீங்க, இப்ப விஷம்னு சொல்றீங்க. ரெண்டையும் சேர்த்து யோசிச்சா உங்களுக்கு எப்படித் தோணுது?" குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் கூடாது. நமக்குப் புரியவில்லை, புரியவையுங்கள் என்ற பாவனையில் கேட்க வேண்டும்.

நியூரோட்டிக் தளத்தில் இருப்பவர் தானே நின்று யோசிப்பார்: "ஆமால்ல. கோபத்துல சொல்லிட்டேன். அவ போன் எடுக்கலன்னா எனக்குத் தாங்காது." இரண்டு அக்காவும் ஒரே ஆள் என்பது அவருக்கு மறக்கவில்லை. பார்டர்லைன் தளத்தில், "அப்ப நல்லவ, இப்ப மோசம், அதுல என்ன?" என்று வரும், இரண்டையும் சொன்னது நினைவிருக்கும், ஆனால் முரண் உறுத்தாது. அல்லது, "நீங்களும் அவ பக்கமா?" என்று கோபம் நம்மேல் திரும்பும்.

இங்கேதான் மூன்றாவது கருவி. "அக்கா போன் எடுக்காதப்ப, பாசமா இருந்த அக்கா மனசுல இருந்தே காணாமப் போயிடுறாங்க போல. நான் இதைக் கேட்டதும் நானும் உங்களுக்கு எதிராளி ஆயிட்ட மாதிரி இருக்கோ?" பார்டர்லைன் தளத்தில் இருப்பவர், இது சரியாகப் பட்டால், சற்றுத் தணிவார்; பேச்சு முன்பைவிடக் கோவையாகும். சைக்கோட்டிக் தளத்தில் நிலைமை மோசமாகும்: "அக்கா உங்களுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டாளா? அதான் இப்படிக் கேக்குறீங்களா?" என்று கேட்டு, நீங்கள் மறுத்தாலும் அந்த எண்ணத்திலேயே நிற்பார். அப்படியானால் அந்தப் பாதையில் அதற்குமேல் போகாதீர்கள். தளத்தைச் சொல்வது முரணும் அல்ல, கோபமும் அல்ல. அதை எடுத்துக்காட்டிய அடுத்த இரண்டு நிமிடத்தில் அவர் கூடுகிறாரா குலைகிறாரா என்பதே.

நடப்பறியும் திறன்

குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாகச் சொன்னால் விடை முன்னாலேயே வந்துவிட்டது. பிளவைப் பற்றியெல்லாம் ஆராயாமல், அந்த அனுபவத்தை அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் அனுப்பும் வேலையைப் பாருங்கள். அப்படி எதுவும் வெளிப்படாதபோது, நேர்காணலில் உங்களுக்கு விசித்திரமாகப் பட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "அப்பா இறந்ததைப் பத்திச் சொல்லும்போது சிரிச்சீங்க. எனக்கு அது புரியல. எனக்கு ஏன் புரியலன்னு உங்களால யூகிக்க முடியுதா?" நம் குழப்பத்தை அவரால் நம் இடத்தில் நின்று பார்க்க முடிந்தால் திறன் இருக்கிறது.

கோயில் கொடையில் சாமி ஆடுபவரும், கணவர் இறந்த மூன்றாம் வாரத்தில் அவர் கூப்பிடும் குரலைக் கேட்ட மனைவியும் சைக்கோசிஸ் கணக்கில் வரமாட்டார்கள். அவருடைய சொந்த ஊரார் இதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்களா, உரிய இடத்திலும் நேரத்திலும் வந்து அடங்குகிறதா, மற்ற நேரத்தில் வேலை, உறவு, பேச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். பார்டர்லைன் தளத்தில் கடும் நெருக்கடியிலோ போதையிலோ கொஞ்ச நேரம் நடப்பறிவு தடுமாறுவதும் உண்டு, அது திரும்பிவிடும்.

எங்கே பிசகும்

கடும் மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்வது மெலிந்தும் கறுத்தும் இருக்கும். மேனியாவில் (அளவுமீறிய மனக் கிளர்ச்சி நிலை) எல்லாரும் தேவர்கள் அல்லது அசுரர்கள். இரண்டிலும் சிகிச்சையில் தேறும்வரை தளத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

பதினாறு பதினேழு வயதில் "நான் யாருன்னே தெரியல" என்பது உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்ன அடையாள நெருக்கடியாகவே இருக்கலாம். நண்பனையோ தாத்தாவையோ பற்றிக் கேளுங்கள். மற்றவர்களை ஆழமாகவும் நியாயமாகவும் வர்ணிக்கும் பையனுக்கு இருப்பது வயதின் குழப்பம்தான்.

நார்சிசிஸ்டிக் ஆளுமை நன்றாக ஏமாற்றும். தன்னைப் பற்றிய வர்ணனை கோவையாக, மிடுக்காக வரும். பெரிய பதவி, சரளமான பேச்சு. உடனே நியூரோட்டிக் என்று எழுதத் தோன்றும். பத்து வருடம் கூட வாழ்ந்த மனைவியைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வெறுமையைக் கவனிக்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்படும் எரிச்சல், தூக்கக் கலக்கம், இவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற வேகம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளலாம். அவற்றை மட்டும் ஆதாரமாக வைத்துத் தளத்தைச் சொல்லக் கூடாது. அவற்றில் ஒரு பகுதி உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம்.

பார்டர்லைன் தளத்துக்குள்ளேயே மேல், கீழ் உண்டு. அதைப் பிரிப்பவை வன்முறையும் மனசாட்சியும். பொய், திருட்டு, பணம் ஏமாற்றுதல், அடிதடி, போலீஸ் வழக்கு பற்றி நேராகக் கேளுங்கள், "இன்னிக்கு என்கிட்ட எதையாவது மறைச்சீங்களா?" என்றும் கேளுங்கள். சமூகவிரோதப் போக்கு கூடக்கூட உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு குறையும்.

முடித்து எழுதுதல்

நியூரோட்டிக் தளத்துக்கு தன் மனதைத் தானே புரிந்துகொள்ளும் உட்பார்வையை வளர்க்கும் வழக்கமான உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை போதும். சைக்கோட்டிக் தளத்துக்கு மருந்தும் தாங்கிப்பிடிக்கும் பேச்சும். பார்டர்லைன் தளத்தில் முதல் வேலை ஒப்பந்தம்: வாரம் இரண்டு அமர்வு, போன் எப்போது செய்யலாம், கையை அறுத்துக்கொண்டால் யார் என்ன செய்வது என்பது வரை. கெர்ன்பர்க் குழுவின் இந்தச் சிகிச்சையை வேறு இரண்டு சிகிச்சைகளோடு ஒரு வருடம் ஒப்பிட்ட 90 பேர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. மூன்றிலுமே முன்னேற்றம் தெரிந்தது.

அறிக்கையில் தளத்தை எழுதும்போது அதற்கு ஆதாரமாக நோயாளியின் சொந்த வாக்கியங்கள் இரண்டையாவது சேருங்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5இன் மாற்று மாதிரி 0 முதல் 4 வரை தளம் குறிக்கிறது, 2இலிருந்துதான் கோளாறு. 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பிரிக்கிறது. மருத்துவமனைக் கோப்புக்கு அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். நோயாளியிடம் "நீங்க பார்டர்லைன்" என்று சொல்லி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. அக்காவைப் பற்றிய முரணை அவர் மொழியிலேயே திருப்பிச் சொன்னால் போதும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தை விட்டுவைத்து இதைக் கேளுங்கள்: "நான் கேட்டிருக்கணும், ஆனா கேக்கலன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?" தற்கொலை எண்ணம், வீட்டில் அடி, யாரிடமும் சொல்லாத கடன் ஆகியவை இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். தற்கொலை எண்ணம் இதுவரை பேச்சில் வராவிட்டால் நீங்களே நேரடியாகக் கேளுங்கள். உண்டு என்றால், எப்படி, எப்போது, கையில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, அன்றே மனநல மருத்துவரிடம் சேர்த்து, வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்த பிறகே அனுப்புங்கள். இரவில் கூப்பிட இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸ் எண் 14416ஐயும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.