சப்பைத் தண்ணியை லேபில் அளக்கும் நாள்

பி.எஸ்சி. வேதியியல் லேபில் செய்யும் சோதனைகளில் கொங்கு நாட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்கே நேராக வந்து நிற்பது, ஈ.டி.டி.ஏ. (கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மை காண்பது. காங்கேயம், பல்லடம், தாராபுரம் பக்கத்துப் போர் தண்ணி, அதாவது சப்பைத் தண்ணி, எப்படி என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அரிசிம்பருப்புக்குப் போட்ட பருப்பு வேகாமல் நிற்கும், சோப்பு நுரைக்காது, கெய்சர் காயிலில் வெள்ளைப் பொருக்கு ஏறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. விழும் கொஞ்ச மழையும் சுக்கான் கல்லுக்கும் பாறை இடுக்குக்கும் நடுவே நாள்கணக்கில் ஊறி, கால்சியமும் மக்னீசியமுமாகத்தான் மேலே வருகிறது.

தண்ணி பிடிப்பதிலிருந்தே கவனம் வேண்டும். மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெளியே விழும் இடத்தில் பிடியுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணியில் மூன்று தடவை அலசி, காற்று இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். அன்றைக்கே லேபுக்குக் கொண்டுபோவது நல்லது. இரண்டு மூன்று நாள் கிடந்தால் கார்பனேட் பாட்டில் சுவரில் படிந்து, அளவு குறைத்துக் காட்டும்.

சின்னக் கல்லூரியில் முதல் தட்டுப்பாடு காய்ச்சி வடித்த நீருக்குத்தான். டிபார்ட்மென்ட் முழுக்க அதைக் காய்ச்சி வடிக்கும் ஸ்டில் ஒரே ஒன்றுதான் இருக்கும். அதுவும் அதே போர் தண்ணியில் ஓடி, உள்ளே சுண்ணாம்பு அடைத்திருக்கும். ஒன்பது மணிக்கே போய், “ஏனுங்கண்ணா, டிஸ்டில்டு வாட்டர் இருக்குங்களா?” என்று அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டு வாஷ் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்குக் கேட்டால் குழாயைத்தான் காட்டுவார், அவர்மேல் குற்றமில்லை. கிடைத்த தண்ணியையும் சோதிக்காமல் நம்பக் கூடாது. கூம்புக் குடுவையில் 50 மி.லி. எடுத்து, ஒரு மி.லி. பஃபரும் (பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, மாறாமல் வைக்கும் கரைசல்) சிட்டிகை எரியோகுரோம் பிளாக்-டி என்ற நிறங்காட்டிப் பொடியும் (இண்டிகேட்டர்) போடுங்கள். நீலமாக நின்றால் நல்ல தண்ணி. சிவந்தால் ஸ்டில்லிலேயே கடினம் இருக்கிறது என்று அர்த்தம்; அதில் கரைசல் எதுவும் தயாரிக்காதீர்கள்.

ஈ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு 3.72 கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 0.01 மோலார். மெதுவாகத்தான் கரையும், லேசாகச் சூடு காட்டலாம். பஃபருக்கு 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடை 142 மி.லி. அடர் அம்மோனியாவில் கரைத்து 250 மி.லி. ஆக்க வேண்டும். பி.எச். 10 வரும். போன செமஸ்டரில் செய்த பஃபரை எடுத்துக் கொடுப்பார்கள். மூடியைத் திறந்து, கையால் விசிறி முகர்ந்து பாருங்கள். சுள்ளென்று ஏறவில்லை என்றால் அம்மோனியா போய்விட்டது, பி.எச். இறங்கிவிட்டது, நிறம் மாறி நிற்கும் முடிவுநிலை இழுத்துக்கொண்டே போகும். இண்டிகேட்டரும் அப்படித்தான். ஆல்கஹாலில் கரைத்தது சில நாளில் கெட்டுவிடும். ஒரு பங்கு பொடியை இருநூறு பங்கு உப்போடு அரைத்து வைத்தால் நெடுநாள் இருக்கும்.

ஸ்டாண்டர்டு கடின நீர்: உலர்த்திய கால்சியம் கார்பனேட் 1 கிராமை, நுரை அடங்கும் வரை துளித்துளியாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கரைத்து, கொதிக்கவைத்து வாயுவை விரட்டி, ஆற வைத்து, ஒரு லிட்டர் ஆக்கியது. இதில் ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. கார்பனேட். இந்தக் கரைசலை டைட்ரேட் செய்யும்போது, அதாவது பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ.யைத் துளித்துளியாக விட்டு அளக்கும்போது, நிறம் மங்கலாகத்தான் மாறும். பிள்ளைகள் தங்கள் கைதான் சரியில்லை என்று பயந்துவிடுவார்கள். தப்பு கையில் இல்லை. அதில் மக்னீசியமே இல்லை. இந்த இண்டிகேட்டர் மக்னீசியம் இருந்தால்தான் பளிச்சென்று மாறும். ஈ.டி.டி.ஏ. கரைசலில் லிட்டருக்கு 0.1 கிராம் மக்னீசியம் குளோரைடு முன்னாலேயே சேர்த்துவிட்டு, அதன்பிறகு இந்தக் கடின நீரை வைத்து அதன் வலிமையைக் கண்டால் (ஸ்டாண்டர்டைஸ்) தீர்ந்தது.

பியூரெட்டை ஈ.டி.டி.ஏ.யாலும் பிப்பெட்டைச் சாம்பிளாலும் அலசுங்கள். கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரில்தான் அலச வேண்டும். அதையும் சாம்பிளால் அலசுகிறவர்கள் பேட்சுக்கு இரண்டு பேராவது உண்டு; ஒட்டிநின்ற துளிகள் கணக்கில் ஏறிவிடும். பியூரெட் மூக்கில் காற்றுக்குமிழ் இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள், புனலை எடுத்துவிடுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள், பல்பு வாங்குங்கள். கடைசித் துளியை ஊதித் தள்ளவும் வேண்டாம், குடுவைச் சுவரில் முனையைத் தொட்டால் போதும்.

குடுவையில் 20 மி.லி. சாம்பிள், 5 மி.லி. பஃபர், சிட்டிகை பொடி. பீட்ரூட் வேகவைத்த தண்ணி மாதிரி நிறம் வரும். பொடி அதிகமானால் கருத்துவிடும். பிறகு ஒன்றும் தெரியாது. ஈ.டி.டி.ஏ. விட விட ஊதாவாகும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு துளி, குலுக்கு, நான்கைந்து நொடி பார், அடுத்த துளி. சிவப்பின் சாயல் முழுக்கப் போய், சொட்டு நீலம் கலந்த பக்கெட் தண்ணி நிறம் வந்ததும் நிறுத்துங்கள். அடியில் வெள்ளைத் தாள் இருக்கட்டும். அதற்காக மெத்தனமும் கூடாது: பஃபர் விட்ட ஐந்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிந்துவிடும். 20 மி.லி.க்கு மேல் போகிறதென்றால் 10 மி.லி. சாம்பிளோடு 10 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, விடையை இரட்டியுங்கள். சிறுவாணி மாதிரி மென்னீருக்கு நேர்மாறு, 100 மி.லி.யாவது எடுங்கள். எவ்வளவு விட்டும் நீலம் வராமலே நின்றால், துருப்பிடித்த குழாயின் இரும்போ தாமிரமோ இண்டிகேட்டரைப் பிடித்துக்கொண்டது என்று சந்தேகப்படுங்கள்.

கொதிக்கவைத்தால் போகும் கடினம் தற்காலிகம், போகாதது நிரந்தரம். நிரந்தரக் கடினத்தன்மைக்கு 250 மி.லி. சாம்பிளை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, வடிகட்டி, மறுபடி சரியாக 250 மி.லி. ஆக்குங்கள். ஆவியான அளவை ஈடுகட்ட மறந்தால் நிரந்தரம் கூடி, தற்காலிகம் குறைந்துவிடும்.

கணக்கு சுலபம். ஸ்டாண்டர்டு 20 மி.லி.க்கு 19.6 மி.லி. ஈ.டி.டி.ஏ., சாம்பிளுக்கு 14.8, கொதித்ததற்கு 9.1 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டில் லிட்டருக்கு 1000 மி.கி. கார்பனேட் என்பதால், மொத்தம் 14.8 ÷ 19.6 × 1000 = 755 மி.கி./லிட்டர். அதேபோல நிரந்தரம் 464. மீதி 291 தற்காலிகம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 படி ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணியே இல்லாவிட்டால் 600 வரை. இரண்டு ரீடிங் 0.1-க்குள் ஒத்துவரும் வரை செய்யுங்கள். மூன்றையும் ஒன்றுபோல எழுதினால் மேடத்துக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பி.எச். 10 ஏன் என்று கேட்பார்கள். குறைந்தால் மக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ. உறுதியாகப் பிடிக்காது, மிகவும் கூடினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக விழுந்துவிடும்.

கொதிக்கவைத்த பீக்கரின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதைச் சுரண்டாதீர்கள், கண்ணாடி கீறிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் விட்டால் நுரைத்துக் கரையும். நன்றாக அலசி, அடுத்த பேட்ச் வருவதற்குள் ரேக்கில் கவிழ்த்து வையுங்கள்.